கத்தரி படாத மரம்

கான்சார்,
பஹ்மன் மாதம் 25

யதுல்லாவுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் அல்ல. நீ நன்றாகத்தான் இருப்பாய். உன் வாய்க்கு எந்த ஊரிலும் தேநீர் கிடைக்கும். பதினோரு வருஷம் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அது உனக்காக அல்ல, மரத்துக்காக. இந்த வீட்டில் பிறந்தவன் என்ற முறையில் உனக்குத் தகவல் சொல்வது என் கடமை. சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ஊற்றடியில் நிற்கும் நம் நார்வன் மரம் போன மாதம் பனியில் உடைந்துவிட்டது. தலை முழுவதும் போயிற்று. அப்பா கை வைத்த ஒட்டு வரைக்கும் மூன்றாகப் பிளந்து விழுந்தது. கீழே இருக்கும் காட்டு மரத்தின் அடிப்பகுதி மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்கு மொட்டையாக நிற்கிறது. அதற்கு உயிர் இருக்கிறது. நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை.

விழுந்த கிளைகளிலிருந்து ஒட்டுக் குச்சி எடுத்திருக்கலாமே என்று கேட்பாய். நான் வெளியே போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் ஊர்க் குளியல்கூடத்து அடுப்புக்குப் போய்விட்டது. ஏன் தாமதமாயிற்று என்பது உனக்கு வேண்டாத விஷயம்.

இப்போது நகராட்சித் தலைவர் மொட்டை மரம் ஊருக்கு அழகில்லை என்கிறார். வேரோடு பிடுங்கிவிட்டு அங்கே சிமெண்டுத் தொட்டி கட்டி, கலர் விளக்கு போட்டு, தண்ணீரைப் பீச்சியடிக்கப் போகிறாராம். "தண்ணிக்குப் பக்கத்துலயே எதுக்குங்க தண்ணி?" என்று கேட்டேன். சிரித்தார். வசந்தப் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் வரை தவணை. அதற்குள் ஒட்டுப் போட்டால் மரத்தை விட்டுவைப்பார். "கொல்பாயகான்ல நிறைய நார்வன் இருக்கே, அங்கேருந்து குச்சி வாங்கிக்குங்களேன்" என்றும் யோசனை சொன்னார். கொல்பாயகான் குச்சி! நம் அப்பா உஸ்தாத் ஹைதரின் அடிமரத்தில்! நான் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

டெஹ்ரானில் உன் தெருவில் நாற்பது நார்வன் நிற்பதாகக் கேள்வி. அவை எந்தப் பன்னிரண்டு குச்சியிலிருந்து வந்தன என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பாவின் நாற்பதாம் நாள் முடிந்த வாரம், யாரையும் கேட்காமல் அறுத்துக்கொண்டு விடிகாலை பஸ்ஸில் ஏறியவன் நீ. நான் எதையும் யாசிக்கவில்லை. எடுத்தது பன்னிரண்டு. பன்னிரண்டைத் திருப்பி அனுப்பு.

கௌஹர்


டெஹ்ரான்,
பஹ்மன் மாதம் 30

மரியாதைக்குரிய சகோதரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் ஒரு சொல் மட்டும் விட்டுப்போயிருந்தது. 'திருடன்' என்று முழுதாக எழுதியிருக்கலாம். மை தீர்ந்துவிட்டதோ என்னவோ.

மரம் விழுந்த செய்தியைப் படித்ததும் நான் என்ன செய்தேன் என்று தங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஆனால் என் மரங்களைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பது. தெருவுக்கு இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. ஒவ்வொன்றும் ஒரே உருண்டை. கம்பஸ் வைத்து வரைந்தாலும் அப்படி வராது. அதில் ஒன்றின் மேலும் கத்தரி பட்டதில்லை. எங்கள் பூங்காத் துறைக்கு ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் வந்தான். அவன் இந்த மரத்தை 'எல்ம்' என்கிறான், என்னவோ வாய் சுளுக்கிக்கொண்ட மாதிரி. சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதை வெட்டி உருட்டுற ஆள் யாரு? அவனைக் கூப்பிடு" என்றான். நான் வானத்தைக் காட்டினேன். அவன் நம்பவில்லை. ஒரு வருஷம் முழுக்க மாதம் ஒரு முறை வந்து போட்டோ எடுத்தான். கடைசியில் தொப்பியைக் கழற்றி மரத்துக்கு வணக்கம் வைத்தான். எனக்கு அல்ல, மரத்துக்கு. எனக்கு அதுதான் பெருமை.

மழை வந்தால் ஜனங்கள் கடைகளுக்குள் ஓடுவதில்லை, என் மரங்களுக்கு அடியில் ஓடி வருகிறார்கள். அந்த அடர்த்தியில் முதல் துளி கீழே இறங்குவதற்குள் ஒருவன் ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடித்துவிடுவான். அடிமரத்திலிருந்து காட்டுத் துளிர் எட்டிப் பார்த்தால் வசந்தத்தில் கட்டை விரலால் தேய்த்து உதிர்த்துவிடுகிறேன், அப்பா செய்த மாதிரியே. இல்லாவிட்டால் வளர்ப்புப் பிள்ளையைத் துரத்திவிட்டுக் காட்டு மரம் வீட்டைப் பிடித்துக்கொள்ளும்.

இனி கணக்கு. எடுத்தது பன்னிரண்டு குச்சி என்கிறீர்கள். அப்பாவின் ஒட்டுக் கத்தியையும் எடுத்தேன். அதை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை? அன்றைக்குக் காலை அது வாசல் மாடத்தில் கிடந்தது, முடி வெட்டும் கூர்மையில். கடவுளே எடுத்து வைத்த மாதிரி. கேட்காமல் எடுத்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அப்பா என்ன சொல்வார்? "உடையவங்க ஹலால் சொல்லாம அறுத்த குச்சி எந்த மரத்துலயும் பிடிக்காது." மனசார 'எடுத்துக்கோ, உனக்கு ஆகட்டும்' என்று கொடுத்தால்தான் ஒட்டு பிடிக்கும், திருட்டுக் குச்சி காய்ந்து உதிரும் என்பார். என் குச்சிகள் பிடித்தன. நாற்பதில் முப்பத்தொன்பது முதல் தடவையிலேயே. அப்படியானால் நான் திருடனா, சொல்லுங்கள்.

நாற்பது மரம் வளர்த்தவன் நான். கான்சாரிலிருந்து எவன் வந்தாலும், "ஓஹோ, கௌஹரோட திருட்டுத் தம்பியா?" என்றுதான் கேட்கிறான். அந்த மரங்களால் கிடைத்த ரொட்டியைத் தின்னும்போது தொண்டையில் நிற்கிறது. ஒரு வரி எழுதுங்கள்: 'என் தம்பி எடுத்தது ஹலால்.' உங்கள் கையெழுத்தில், ஊரில் நாலு பேர் பார்க்க. அதற்கப்புறம் பன்னிரண்டு என்ன, நூற்றிருபது அனுப்புகிறேன்.

ஒரு கேள்வி. பனி நம் ஊருக்குப் புதிதா? அந்தத் தலையில் கிளைகள் அவ்வளவு நெருக்கம், கூரையில் விழுகிற மாதிரி பனி தங்கும் என்று நமக்குத் தெரியாதா? பத்து வயதிலிருந்து நான் கழி எடுத்து உதறவில்லையா? இந்த வருஷம் யார் உதறியது?

யதுல்லா


கான்சார்,
எஸ்பந்து மாதம் 5

யதுல்லா,

'தாங்கள்', 'நீங்கள்' என்று எழுதியிருந்தாயே, நகராட்சிக்குப் போக வேண்டிய கடிதம் மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூக்கு ஒழுகும்போது என் முந்தானையில்தான் துடைத்துக்கொண்டாய். எனக்கு மரியாதை கற்றுக்கொடுக்காதே.

நான் எழுத மாட்டேன். அப்பா படுத்த படுக்கையில் என்ன சொன்னார்? "ஒரு குச்சி கூட இந்த ஊரை விட்டுப் போகக் கூடாது. ஊருக்கு ஒரு நார்வன். அதுதான் கான்சாரோட தலைப்பாகை." நீயும் அங்கேதான் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாய். அந்த வாய்ச்சொல்லுக்கு மேல் நான் என் கையெழுத்தைப் போட வேண்டுமா? உன் நாற்பது மரமும் உருண்டையாக நிற்கட்டும், வெளிநாட்டுக்காரன் தொப்பியைக் கழற்றட்டும், தலையையே கழற்றி வைக்கட்டும். நான் எழுத மாட்டேன்.

பனி விழுந்தது, மரம் உடைந்தது. யார் உதறினார்கள், யார் உதறவில்லை என்று விசாரணை செய்ய நீ நீதிபதி இல்லை.

கொல்பாயகானிலிருந்து தோட்டக்காரன் மஷ்தி காஸிம் வந்திருந்தான். நகராட்சித் தலைவர் அனுப்பினாராம். கக்கத்தில் ஒரு கட்டுக் குச்சி. என் வாசலில் உட்கார்ந்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, என் தேநீரையே குடித்துக்கொண்டு பேசுகிறான்: "கௌஹர் அம்மா, எல்லா நார்வனும் ஒண்ணுதானே? இதுக்கு விதையே சரியா வராது. ஒட்டுல ஒட்டு, ஒட்டுல ஒட்டுன்னு வந்ததுதான். எங்க மரமும் உங்க மரமும் ஒரே மரந்தான்."

"ஒரே மரம்னா உங்க ஊர்ல அது ஏன் பூசணிக்காய் மாதிரி சப்பையா நிக்குது?" என்றேன்.

"அது தண்ணியோட குணம்."

"அப்ப குச்சியைத் தண்ணிக்கே எடுத்துட்டுப் போ" என்று அனுப்பிவிட்டேன். போகும்போது மொட்டை மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல அடிமரம், பாவம்" என்றான். அந்தப் பாவம்தான் எனக்கு நெஞ்சில் குத்துகிறது. ஆனால் அவன் சொன்னதில் ஒன்று அப்பா சொன்னதேதான். நார்வனுக்குப் பிள்ளை கிடையாது, கூடப்பிறந்ததுதான் உண்டு.

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். இங்கே அடிமரம் சாறேறி விழிக்க இன்னும் மாதம் ஒன்று ஆகும். டெஹ்ரானில் வெயில் முந்திவிடும். அடிமரம் விழித்திருக்க வேண்டும், குச்சி தூங்க வேண்டும். அங்கே மொட்டு உப்பிவிட்டால் அந்தக் குச்சி விறகு. நீ கௌரவம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திரு. மொட்டு உனக்காகக் காத்திருக்காது.

அனுப்பாவிட்டாலும் குடி முழுகிவிடாது. மரம் போனால் போகட்டும். கொல்பாயகான் குச்சியும் வேண்டாம், கையெழுத்துக்குக் கூலியாக வரும் குச்சியும் வேண்டாம்.

கௌஹர்


டெஹ்ரான்,
எஸ்பந்து மாதம் 9

அக்கா,

நேற்று தேன் விற்க ஸஃபர் அலி வந்தான். உனக்குத் தெரியும் அவனை, ஊற்றுக்கு மேலே பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கிறவன். "மரம் எப்படிடா உடைஞ்சுது?" என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். இரண்டு கம்பி கபாப் வாங்கிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அக்கா, உனக்குக் கால் முறிந்திருக்கிறது! தண்ணீர் எடுக்கப் போய் ஐஸில் வழுக்கி விழுந்திருக்கிறாய். கட்டுக்காரர் முட்டைப் பத்துப் போட்டுக் கட்டிவிட்டு, நாற்பது நாள் அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நீ கொர்ஸிக் கணப்பில் போர்வைக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தபோதுதான் பனி கொட்டியிருக்கிறது. எனக்கு ஒரு வரி எழுதவில்லை நீ! கடிதத்தில் கூட, 'ஏன் தாமதமாயிற்று என்பது உனக்கு வேண்டாத விஷயம்' என்று எழுதுகிறாய். எப்படி எழுத மனசு வந்தது உனக்கு?

ஸஃபர் அலி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பதினெட்டு ஆம்பிளைகள் கழியோடு மரத்தைச் சுற்றி நின்றார்களாம். கழி நுனியில் கம்பளித் துணி சுற்றி, எல்லாம் முறைப்படி. ஒருவனும் கை வைக்கவில்லை. எல்லோரும் நம் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"உஸ்தாத் வீட்டு மரம். கௌஹர் அம்மா ஒரு வார்த்தை சொல்லாம எப்படித் தொடறது?"

"நீங்க பெரியவர், நீங்க ஆரம்பிங்க."

"ஐயையோ, நான் யாரு? அவங்க தப்பா நினைச்சுக்குவாங்க."

ரொட்டிக்காரர் மனைவியை சூப் கிண்ணத்தோடு உன்னிடம் அனுப்பியிருக்கிறார்கள், உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்கிக்கொண்டு வர. நீ என்ன சொன்னாய்? "நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு ஒரு வேலையும் ஆக வேண்டியதில்ல, போயிட்டு வாங்க." அந்த அம்மா வந்து அதையே சொன்னாளாம். அதைக் கேட்டுவிட்டுப் பதினெட்டு பேரும் மறுபடி நின்றார்களாம். மத்தியானத் தொழுகைக்கு அழைப்பு வந்தபோது 'மடார்' என்று ஒரு சத்தம். "நாங்க எல்லாரும் அழுதோம் யதுல்லா" என்றான். அவனுக்கு அப்போதும் கண் நிறைந்திருந்தது, கபாப் வாயில் இருக்கும்போதே.

உன் கௌரவமும் அவர்கள் மரியாதையும் சேர்ந்து மரத்தைக் கொன்றுவிட்டன. திட்ட வேண்டும் போலிருக்கிறது. ஆனால் உன்னைத் திட்ட எனக்கு வராது. நானும் அந்த வீட்டில் வளர்ந்த கழுதைதானே.

இப்போது நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் முதல் கடிதம் வந்தது ஒரு மத்தியானம். 'தலை முழுவதும் போயிற்று' என்ற வரிக்கு மேல் படிக்கவில்லை. கடிதத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஏழாம் மரத்தில் ஏறிப் பன்னிரண்டு குச்சி அறுத்தேன். மொட்டு அப்போது மிளகு அளவு கூட இல்லை, நல்ல தூக்கம். ஐஸ் கடை ஆர்மீனியனிடம் கெஞ்சி, அவன் பனிக்கட்டிக் கிடங்கில் வைத்தேன். சாயங்காலம்தான் மீதிக் கடிதத்தைப் படித்தேன். படித்ததும் கோபம் வந்துவிட்டது. மூன்று நாள் கோபத்தை அடைகாத்து, 'மரியாதைக்குரிய சகோதரி' என்று எழுதினேன். எழுதும்போது குச்சிகள் ஐஸில்தான் இருந்தன.

நாளைக்கு ஸஃபர் அலி கையில் கொடுத்து அனுப்புகிறேன். குச்சிகளை ஒரு பெரிய டர்னிப் கிழங்கில் குத்தி வைத்து, ஈரக் கம்பளி சுற்றியிருக்கிறேன். வந்ததும் ஊற்றுக்கு மேலே நிழலில், பனிக்குள் புதைத்து வை. அப்பாவின் கத்தியும் கூட வருகிறது. அது அங்கேதான் இருக்க வேண்டும்.

நிபந்தனை கிடையாது. ஆனால் ஹலால் இல்லாமல் ஒட்டுப் போடாதே அக்கா. எழுத வேண்டாம். வாய்க்குள்ளாவது சொல்லிவிட்டுப் போடு. எனக்காக இல்லை, அது பிடிக்க வேண்டும்.

யதுல்லா


கான்சார்,
பர்வர்தீன் மாதம் 14

தம்பி,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாக ஆகட்டும். என் வயசில் கால் முறிந்தால் ஊருக்கெல்லாம் தண்டோரா போடுவார்களா? ஸஃபர் அலியின் வாயைத் தேனீ கொட்டட்டும்.

பொட்டலம் வந்தது. டர்னிப் அழுகிவிட்டது, குச்சிகள் கெடவில்லை. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. கணு கணுவாக, விரல் நுழையாத நெருக்கம். அது நம்முடையதுதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முப்பது நாள் பனியில் வைத்திருந்தேன்.

முந்தாநாள் காலை அடிமரத்துப் பட்டையைக் கீறிப் பார்த்தேன். கத்திக்கு வழி விட்டது. தவணைக்கு ஒரே நாள்தான் மிச்சம். நகராட்சித் தலைவரின் ஆட்கள் கடப்பாரையையும் கொண்டு வந்து சுவரில் சாத்திவிட்டார்கள். நான் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு இருக்கிறேன். வெட்ட வேண்டிய இடம் இரண்டு ஆள் உயரத்தில் இருக்கிறது.

கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அப்பா யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அதைத்தான் இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து, தேநீர்க் கடைப் பக்கம் பார்த்து, "எனக்கு ஆள் வேணும், வாங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

எப்படி ஓடி வந்தார்கள் தெரியுமா! அதே பதினெட்டு பேர். ரொட்டிக்காரர் மாவுக் கையோடு வந்தார். தேநீர்க் கடையின் இரண்டு பெஞ்சுக் கட்டில்களைத் தூக்கி வந்து ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, அதன் மேல் ஒரு நாற்காலியும் போட்டார்கள். பிறகு என்னைத் தூக்கி உட்கார வைப்பது யார் என்று ஆரம்பித்துவிட்டார்கள். "நீங்க பிடிங்க." "சே, நீங்க இருக்கும்போது நானா?" "உங்களுக்கு உரிமை ஜாஸ்தி."

"மரியாதை போதும்! இந்த மரியாதைதான் மரத்தைக் கொன்னுது! பிடிங்கடா நாலு பேரும்!" என்றேன். பிடித்தார்கள்.

மேலே உட்கார்ந்து, உடைந்த நுனியை ரம்பத்தால் அறுத்து, அந்த வெட்டை அப்பாவின் கத்தியால் வழவழவென்று சீவினேன். பட்டையைப் பன்னிரண்டு இடத்தில் கீறி, குச்சியை ஆப்பு மாதிரிச் செதுக்கி உள்ளே இறக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கம்பளிக் கயிற்றால் கட்டி, வைக்கோல் சேறு பூசினேன். சேறு குழைத்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? கொல்பாயகான் மஷ்தி காஸிம். வேடிக்கை பார்க்க வந்தவன், சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். "எங்க ஊர் சேறு இதைவிட நல்லாப் பிடிக்கும்" என்றான். சேறு பூசின கையாலேயே அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நகராட்சித் தலைவர் வந்து பார்த்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஆனால், "கோடை வெயிலுக்குள்ள துளிர் வரலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். அவரும் பாவம்.

இனி மரம்தான் சொல்ல வேண்டும்.

கௌஹர்


டெஹ்ரான்,
பர்வர்தீன் மாதம் 21

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பெஞ்சு, நாற்காலி, சேறு, காஸிம் தலை, எல்லாம் இருக்கிறது. ஒரு சொல் மட்டும் இல்லை. ஹலால் சொன்னாயா, இல்லையா?

சொல்லாமலே போட்டுவிட்டாயோ? எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை. என் மரங்களெல்லாம் துளிர்த்துவிட்டன. இலையைத் தடவிப் பார்த்தேன், பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு. ஏழாம் மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. அதன் உடம்பிலிருந்துதானே அறுத்தேன். நான் எடுத்தது திருட்டு என்றால் திருட்டிலிருந்து வந்த குச்சியும் திருட்டுதான். அப்பா மரத்திலேயே அது காய்ந்து உதிர்ந்தால், ஊர் முழுக்கப் பார்க்க நான் திருடன் என்று மரமே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதற்கு மேல் எனக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை.

கௌரவம் எல்லாம் விட்டுக் கேட்கிறேன் அக்கா. துளிர் வந்ததா?

யதுல்லா


கான்சார்,
ஓர்திபெஹெஷ்த் மாதம் 9

தம்பி,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் எழுதவில்லை. மரம் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

துளிர் வந்துவிட்டது. பன்னிரண்டில் பதினொன்று. முதலில் ரொட்டிக்காரர்தான் பார்த்தார். ரொட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்து என் கதவை இடித்தார். அன்றைக்கு ஊரெல்லாம் கருகின ரொட்டி தின்றது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இலை இன்னும் கோதுமை மணி அளவுதான். ஆனால் இப்போதே ஒன்றோடொன்று தோளை இடித்துக்கொண்டு நிற்கிறது. நாலு வருஷத்தில் உருண்டுவிடும். கத்தரி எடுத்துக்கொண்டு எவனாவது பக்கத்தில் வரட்டும், பார்க்கிறேன்.

திருட்டுக் குச்சி பிடிக்காது, யதுல்லா. அப்பா சொன்னது பொய்யில்லை. உன்னுடையது நாற்பதில் முப்பத்தொன்பது பிடித்தது. என்னுடையது பன்னிரண்டில் பதினொன்று. இதற்கு என்ன அர்த்தம் என்று பதினோரு வருஷமாக உன் மரமண்டைக்கு ஏறவில்லையா?

அப்பாவின் கத்தி எப்போதும் எங்கே இருக்கும்? என் பெட்டிக்குள், பூட்டோடு. சாவி என் இடுப்பில். அது எப்படி வாசல் மாடத்துக்கு வந்தது? கடவுள் எடுத்து வைத்தார் என்று எழுதியிருந்தாய். கடவுளுக்கு என் இடுப்பிலிருந்து சாவி எடுக்கும் வேலையெல்லாம் இல்லை. நீ பஸ்ஸுக்குச் சொல்லி வைத்திருந்தது எனக்கு முந்தின நாளே தெரியும். சாயங்காலம் கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டி நான்தான் வைத்தேன். மழுங்கின கத்தியால் அறுத்தால் குச்சி நசுங்கிவிடும். நீ அவசரக்காரன். காலையில் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். பன்னிரண்டையும் கணுவுக்கு மேலே சாய்வாக, அப்பா கற்றுக்கொடுத்த மாதிரியே அறுத்தாய். ஒவ்வொன்றுக்கும் ஹலால் சொன்னேன். பன்னிரண்டு தடவை. நீ திரும்பிப் பார்க்கவே இல்லை.

பிறகு ஊர் கேட்டது. "உஸ்தாத் சொல்லை மீறி எப்படிப் போச்சு குச்சி?" என்றார்கள். நான் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உஸ்தாத் ஹைதரின் மகள் அவர் மண் காயும் முன்னே அவர் வாக்கை மீறினாள் என்று பேர் வருமே. தம்பி திருடினான் என்றேன். அவ்வளவுதான். அப்பா வாக்கும் நின்றது, என் தலையும் நிமிர்ந்தே இருந்தது, குனிந்தது உன் தலை மட்டும். பதினோரு வருஷம் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு மரத்துக்குக் காவல் காத்தேன். உன்னிடம் கேட்காமல், ஊரிடம் கேட்காமல், கடைசியில் அந்த மரத்தையே பனிக்குக் கொடுத்தேன். நீ அன்றைக்கு எடுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நம்முடையதென்று சொல்ல ஒரு குச்சி இருந்திருக்காது.

நேற்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து எல்லோரும் ஊற்றடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் துளிர் வந்த மரத்தடியில் நின்று சொன்னேன்: "எல்லாரும் கேளுங்க. என் தம்பி திருடன் இல்ல. கத்தியைத் தீட்டி வச்சது நான், குச்சியைக் கொடுத்தது நான், பொய் சொன்னதும் நான்." ரொட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஸஃபர் அலி மட்டும், "எனக்கு அப்பவே தெரியும்" என்றான். அவனுக்கு எல்லாம் அப்பவே தெரியும்.

நீ எழுதச் சொன்ன வரி இனி தேவையில்லை, ஊரே கேட்டுவிட்டது. இப்போது எனக்குத்தான் ஒரு வரி வேண்டும். உன் பேரை எடுத்துக்கொண்டேன், உன்னைக் கேட்காமல். பதினோரு வருஷம் வைத்துக்கொண்டேன். ஹலால் சொல்வாயா, தம்பி?

அக்கா


தந்தி
டெஹ்ரான், ஓர்திபெஹெஷ்த் 13

ஹலால். பன்னிரண்டு தடவை. வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். காட்டுத் துளிரை நீ தேய்க்காதே, ஏணியில் ஏறாதே. கழிக்குப் புதுக் கம்பளி நான் கொண்டு வருகிறேன். யதுல்லா.